காலி நாற்காலிக்கு மூன்று உதவியாளர்கள்

எங்கள் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஞானப்பிரகாசம் கொள்ளிடத்தில் பரிசல் ஏறினாலே வாந்தி எடுப்பவர். அதனால்தான் மலாக்காவுக்கு நான் போக நேர்ந்தது.

அவரோடு திருச்சியில் ஒன்றாகப் படித்த யாழ்ப்பாணத்துக்காரர் செல்லத்துரை, மலாக்காவில் ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவர் கல்லூரிப் பையன்கள் சிங்கப்பூர்க் கல்லூரி அணி ஒன்றோடு மோத இருந்தார்கள். பயிற்சி கொடுத்துவந்த ஹாப்கின்ஸ் துரையோ, மலாயா சுதந்திரம் வாங்கப்போகிற நேரத்தில் ஊர் போய்ச் சேருவதே மரியாதை என்று இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். "நீ வந்து கொஞ்ச நாள் பார்த்துக்கொள்" என்று செல்லத்துரை நண்பரைக் கூப்பிட்டார். நண்பர் கடலை நினைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் உதவிப் பயிற்சியாளன். அந்தப் பதவிக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஏதோ பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். நான் வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். கல்லூரி முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்டாப் வாட்ச்தான் உண்டு. அது ஆய்வக அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. பையன்களை ஓடவிட்டு நேரம் பார்க்க ஞானப்பிரகாசத்துக்கு வாட்ச் தேவைப்பட்டது. கையெழுத்து வாங்காமல் அதை வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. வாட்சோடு நானும் மைதானத்துக்குப் போனேன். அப்படியே உதவிப் பயிற்சியாளன் ஆனேன். பந்தை ஒரே ஒரு தடவை உதைத்திருக்கிறேன். பந்து அங்கேயே இருந்தது; என் செருப்பு கோல் வலைக்குள் போயிற்று.

மலாக்காவில் இறங்கியதும் என்னை அழைத்துப்போக வந்தவர் காதர். உள்ளூர்த் தமிழ் முஸ்லிம், ஜவுளிக்கடைக்காரர், அந்த அணிக்கு அவரும் உதவிப் பயிற்சியாளர். முன்னால் இருவர் உட்காரும் இருக்கை, பின்னால் மிதிக்கும் ஆள் என்றிருந்த வண்டியில் ஏற்றினார். நம் ஊர் ரிக்‌ஷாவில் இழுப்பவன் முன்னால் ஓடுவதால், மோதினால் முதலில் அவன் மோதுவான். இங்கே வரும் மாட்டுவண்டியெல்லாம் நேராக என் முழங்காலை நோக்கியே வந்தது.

"பயப்படாதீங்க சார், தாப்பா" என்றார் காதர். 'பரவாயில்லை' என்பதற்கு அவர்கள் 'தாப்பா' என்கிறார்கள். சக்கரம் சாக்கடையில் இறங்கியபோதும் தாப்பா, என் பெட்டி விழுந்து திறந்து வேட்டியெல்லாம் தெருவில் பறந்தபோதும் தாப்பா.

மிதித்துவந்த சீனர் பின்னாலிருந்து மலாயில் ஏதோ கேட்டார். காதர் சிரித்தார். "நீங்க இந்தியாலேந்து வர்றீங்கன்னு சொன்னேன். நீங்கள்லாம் முன்னாடியே சுதந்திரம் வாங்கிட்டீங்களாமே, எப்படி இருக்குன்னு கேக்குறாரு."

"நாற்காலியெல்லாம் அப்படியே இருக்கிறது, உட்காருகிற ஆள் மாறியிருக்கிறார் என்று சொல்லுங்கள்" என்றேன். ஏதோ சொல்லவேண்டுமே என்று சொன்னது.

தங்க இடம் காஜா பெராங்கில், தேவராஜா வீட்டில். மூன்றாவது உதவிப் பயிற்சியாளர் அவர்தான். பையன்கள் எல்லாரும் அவரை 'பாங் தேவா' என்றார்கள். 'பாங்' என்றால் அண்ணன். மலாக்கா செட்டி வம்சம். வாசல் நிலையில் மாவிலை, உள்ளே சாமி படம், நெற்றியில் திருநீறு. நான் நிம்மதியாக "வணக்கம், சௌக்கியமா?" என்று ஆரம்பித்தேன். அவர் கைகூப்பினார், அத்தோடு தமிழ் முடிந்துபோயிற்று. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். சாமி கூடவே வந்துவிட்டது, மொழி வழியில் இறங்கிவிட்டது. வீட்டில் பேசுவது ஒருவித மலாய். அவர் மனைவி மீனாட்சி கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டி, குங்குமம் வைத்திருந்தார். தேவராஜா கல்லூரி அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. ஆகையால் நானும் அவரும் பேசிக்கொண்டது இங்கிலீஷில். தமிழில் இங்கே நான் எழுதுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு.

முதல் இரவுச் சாப்பாட்டில் மீன் பிண்டாங் என்கிற புளிக்குழம்பு, சோறு, இறால் விழுதும் மிளகாயும் இடித்த பெலாச்சான் சம்பல். சம்பலை நம் ஊர்த் துவையல் மாதிரி நினைத்து ஒரு கவளத்துக்கு ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தேன். காது வழியாக ஆவி வந்தது. மீனாட்சி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று தேவராஜாவைக் கேட்டேன்.

"நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிறாள்."

எங்களோடு உட்கார்ந்திருந்த காதர் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்ததும் என் காதருகே வந்து, "'இந்த மனுஷன் பந்தாட்டம் கத்துக்குடுக்க வந்தாரா, இல்ல உசுர விட வந்தாரா, யாராச்சும் தண்ணி குடுங்க'ன்னாங்க சார். பாங் தேவா எப்பவும் இப்படித்தான். பாதிய முழுங்கிட்டுத்தான் சொல்லுவாரு" என்றார்.

அதுதான் தேவராஜாவின் தொழில் என்று அப்புறம் தெரிந்தது. இளமையில் ஊர் அணி ஒன்றில் இடது ஓரத்தில் ஆடியவர். முட்டி போயிற்று. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹாப்கின்ஸ் துரை மைதானத்தில் கத்துவது பையன்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. அலுவலகத்திலிருந்து இவரைக் கூப்பிட்டு மலாயில் சொல்லச் சொன்னார்கள். துரை கையைக் காலை ஆட்டி ஐந்து நிமிடம் திட்டுவார். இவர் பையன்களிடம், "பந்தை வைத்துக்கொண்டு நிற்காதே என்கிறார்" என்பார். பையன்கள் அழாமல் இருந்தார்கள், துரைக்கும் ஆத்திரம் தீர்ந்தது. அப்படியே உதவிப் பயிற்சியாளர்.

காதர் வந்த பாதை இன்னும் நேரானது. தோல் பந்துக்குள் பிளாடர் என்கிற ரப்பர்ப் பையை நுழைத்து, காற்றடித்து, வாயைத் தோல் வாரால் இழுத்துக் கட்டவேண்டும். கட்டு மேடாக இருந்தால் தலையால் முட்டுகிறவன் நெற்றியில் ரத்தம் வரும். ஜவுளி மூட்டைகளைக் கோணி ஊசியால் தைத்து வளர்ந்த கை காதருடையது. துரை கடைக்கு வந்து பந்தைக் கட்டி வாங்கிப்போனார். பிறகு காதரையே மைதானத்துக்கு வரச் சொன்னார்.

ஆக, ஒரு வாட்ச், ஒரு கோணி ஊசி, ஒரு மொழிபெயர்ப்பு. பயிற்சியாளர்தான் இல்லை.

மறுநாள் காலை செல்லத்துரையைப் பார்க்கப் போனேன். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மேசைமேல் பேப்பர்வெயிட்டாக ஒரு சங்கு.

"இருங்கோ, ரங்கநாதன். ஞானம் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். வள்ளத்தில ஏறினாலே சத்தி எடுக்கிற ஆள்" என்றார். "விஷயத்துக்கு வருவம். இந்த மேட்ச் முடிய நான் ஒரு நிரந்தரப் பயிற்சியாளரை நியமிக்க வேணும். சிங்கப்பூரில ஒரு ஆள் தயாரா இருக்கிறார். இஞ்சையும் ரெண்டு பேர் இருக்கினம். காதருக்குக் கடை இருக்கு, அவர் கவலைப்படமாட்டார். தேவராஜாவின்ர கதை வேற. சிங்கப்பூர் ஆள் மலாய் நல்லாக் கதைப்பார். அவர் வந்தால் மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. குமாஸ்தா வேலையும் தற்காலிகம்தான். அவர் வேற ஊர் பாக்கவேணும்."

"அவரையே நியமிக்கலாமே?"

"நியமிக்கலாம். ஆனா அந்த மனுஷன் இவ்வளவு காலத்தில தன்ர வாயால ஒரு முடிவு சொல்லி நான் கேட்டதில்லை. நீர் பக்கத்தில நிண்டு பாத்து, ஆள் சரியோ எண்டு எனக்குச் சொல்லும்."

"கேட்டுச் சொல்கிறேன் சார்."

"ஆரைக் கேட்டு?"

நான் மேசைமேல் இருந்த சங்கை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

அன்று மாலை பயிற்சி, புக்கிட் பாருவில். தேவராஜாவும் காதரும் சாமான்களோடு லாரியில் முன்னால் போய்விட்டார்கள். நான் பஸ்ஸில் வருவதாக வீராப்பாகச் சொல்லியிருந்தேன். 'புக்கிட்' என்று எழுதி வந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புக்கிட் என்றால் மலை. மலை ஏதாவது வந்ததும் இறங்கலாம் என்பது என் திட்டம். மலை வரவே இல்லை. தென்னந்தோப்பு வந்தது, ரப்பர் வந்தது, எல்லாரும் இறங்கிப்போனார்கள். கண்டக்டர் என்னை எழுப்பிய இடம் புக்கிட் ரம்பாய். இந்த ஊரில் புக்கிட் பாரு உண்டு, புக்கிட் ரம்பாய் உண்டு, புக்கிட் காதில் என்று இன்னொன்றும் உண்டு. திருச்சியில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். வழி தவறவே முடியாது. தேங்காய் லாரி ஒன்றின் மேல் உட்கார்ந்து திரும்பினேன். பல தேங்காய்கள் என்னைவிட வசதியாக உட்கார்ந்திருந்தன.

மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுக்கோட்டுக்கு நேராக, எல்லைக் கோட்டுக்கு வெளியே, ஓர் அழகான பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. போய் உட்கார்ந்தேன்.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பந்து தானாக உருண்டு வெளியே போயிற்று. தேவராஜா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"சார், சார்! அதுல உக்காராதீங்க லா!" என்று காதர் ஓடிவந்தார். "அது துரை நாற்காலி."

"துரைதான் கப்பலில் போய்விட்டாரே?"

"போனா என்னா சார். அது அவரு நாற்காலிதானே."

எழுந்துகொண்டேன். காதர் தோள் துண்டால் நான் உட்கார்ந்த இடத்தைத் தட்டிவிட்டார். துரை இருந்தபோது தினமும் லாரியில் அந்த நாற்காலி வருமாம். துரை போன பிறகும் வந்துகொண்டிருந்தது. கொண்டுவர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் அதில் உட்காருகிறவர். நாங்கள் மூவரும் பந்துப் பெட்டியின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

அடுத்த சில நாட்களில் ஒன்று தெளிவாயிற்று. ஆள் ஆளுக்கு அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தோம். நான் நேரம் பார்த்தேன். காதர் பந்து கட்டினார். தேவராஜா, துரை இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதை மலாயில் சொன்னார். ஆனால் பையன் ஒருவன் வந்து, "பாங் தேவா, நான் வலது பக்கம் ஆடட்டுமா?" என்று கேட்டால், அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: "தான்யா டூலு." முதலில் கேட்கணும் என்று அர்த்தம். அவர் காதரைப் பார்ப்பார், காதர் என்னைப் பார்ப்பார், நான் வாட்சைப் பார்ப்பேன். பையன் ஏற்கெனவே நின்ற இடத்துக்கே திரும்பிப் போவான்.

சிரிக்கிறேனே தவிர, எனக்கு இது புதிதல்ல. திருச்சியில் நானும் இதே ராகம்தான். உதவியாளனுக்குக் கிடைக்கும் பெரிய சுகம் அது. ஜெயித்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். தோற்றால் பந்தைப் பொறுக்கப் போய்விடலாம்.

அது பழக் காலம். தெருவெல்லாம் டுரியான் வாசனை. வாசனை என்பது அவர்கள் சொல். என் ஆய்வகத்தில் அந்த நெடி வந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பையன்களை வெளியே அனுப்புவேன். ஒரு சுளை வாயில் வைத்தேன். அதற்குப் பிறகு நானே தேடிப்போய் வாங்கித் தின்றேன் என்பதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன்.

அந்தப் பருவத்தில் செட்டி வீடுகளில் 'பர்ச்சு' என்று ஒன்று நடக்கிறது. முன்னோருக்குப் படையல். தேவராஜா வீட்டில் அன்று கூடத்தில் வரிசையாக வாழை இலை. சோறு, கறி வகைகள், அப்புறம் ரம்புத்தான், மங்குஸ்தான், டுரியான். ஓர் இலையின் பக்கத்தில் பால் விடாத காப்பி, சுருட்டு ஒன்று. அது தேவராஜாவின் அப்பாவுக்குப் பிடித்தது. சாம்பிராணி போட்டு, கும்பிட்டு, வீட்டார் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். பசியோடு நானும் நின்றேன். நம் ஊரில் காக்கைக்கு வைத்துவிட்டு அது வருமா என்று கூரையைப் பார்ப்போம். இங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் போனதும் மீனாட்சி உள்ளே போனார், மற்றவர்களும் போனார்கள், இலைகளில் இருந்ததை எடுத்து எல்லாருக்கும் பரிமாற ஆரம்பித்தார்.

காதருக்குத் தனியாக ஒரு கூடைப் பழம் எடுத்து வைத்திருந்தார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து அதைக் காலி செய்துகொண்டே பயிற்சிக் கதையைச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுப்பப்பட்ட கதையை நடித்தே காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மீனாட்சி சிரிக்கவில்லை. கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்து கணவரைப் பார்த்து மடமடவென்று பேசினார்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"டுரியான் இன்னும் இருக்கிறது என்கிறாள்" என்றார் தேவராஜா.

"பொய் சார்" என்றார் காதர். இந்தத் தடவை அவர் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. "அக்கா சொன்னது இது: 'என் மாமனாருக்கு இலை போட்டா கொஞ்ச நேரம்தான் வெளியே நிக்கிறோம். சாப்பிட்டேன்னு அவரு ஒரு நாளும் வந்து சொன்னதில்ல. போதும்னு நாமளே முடிவு பண்ணி உள்ள போறோம். செத்தவருக்கே அவ்ளோதான். உங்க துரை உசுரோட ஊருல ரொட்டி தின்னுக்கிட்டு இருக்காரு. அவரு நாற்காலிக்கு எத்தன நாளு வெளியே நிப்பீங்க? ஊர விட்டுப் போற வரைக்குமா?' அப்படின்னாங்க."

தேவராஜா ஒரு மங்குஸ்தானை உரித்தார். உரித்ததைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார். கறை விரலில் இறங்கியது. வேலை போகப்போகிற விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. விருந்தாளிக்குத் தெரியவேண்டாம் என்றுதான் மொழிபெயர்ப்பில் டுரியானைக் கொண்டுவந்திருக்கிறார்.

மேட்ச் அன்று பாடாங் என்கிற ஊர் மைதானத்தில் நல்ல கூட்டம். வெயில், ஐஸ் வண்டி, கடலை, குடையோடு சீனப் பாட்டிகள். சிங்கப்பூர் அணியின் பயிற்சியாளர், முதல்வர் சொன்ன ஆள் இல்லை, வேறொரு இளைஞர்; உட்காரவே இல்லை, கோட்டின் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார். அவருடைய உதவியாளர் ஒரு வயதான சீனர், வாளியும் ஸ்பாஞ்சுமாக இருந்தார். நம் இனம் என்று நெருங்கிப்போய் விசாரித்தேன். முன்பு பல் வைத்தியரிடம் கம்பவுண்டராம். வலிக்கிறது என்று கத்துகிறவனைப் பிடித்து உட்காரவைக்கத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்களாம். எனக்கு மனம் குளிர்ந்தது. உலகம் முழுவதும் வழி இதுதான் போலிருக்கிறது.

எங்கள் பக்கம் பந்துப் பெட்டி, அதன்மேல் நாங்கள் மூவர், பக்கத்தில் பிரம்பு நாற்காலி.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அது நியாயமான கோல். இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் லிம் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் மோதினான். எழுந்து நின்றபோது வலது மணிக்கட்டு வேறு ஏதோ திசையைப் பார்த்தது. கோல்கீப்பருக்கு அடிபட்டால் மட்டும் மாற்று ஆளை இறக்கலாம் என்று இரு கல்லூரிகளும் முன்பே பேசி வைத்திருந்தன. மாற்று ஆள் யூசோப், எங்கள் பெட்டிக்குப் பின்னால் தயாராக நின்றான். ஆள் கொஞ்சம் குட்டை.

லிம் எங்களைப் பார்த்து இடது கையை ஆட்டினான். இருக்கிறேன் என்கிறானா, வருகிறேன் என்கிறானா தெரியவில்லை.

"பாங் தேவா, நான் போகட்டுமா?" என்றான் யூசோப்.

"தான்யா டூலு" என்றார் தேவராஜா. பழக்க தோஷம். காதரைப் பார்த்தார். காதர் என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன், அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒற்றைக் கையோடு நின்ற லிம்மின் வலது பக்கமாக ஒரு பந்து போயிற்று. கோல். நாங்கள் மறுபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே பக்கமாக இன்னொன்று போயிற்று. மூன்று பூஜ்யம்.

நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, எங்களை நோக்கி ஓடிவந்தார். பெரிய மீசை வைத்த சீக்கியர்.

"அந்தப் பையனை வெளியே எடுக்கிறீர்களா இல்லையா? உங்களில் யார் பயிற்சியாளர்?"

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி நாற்காலியைக் காட்டினோம்.

நடுவர் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. பின்னால் கூட்டம் சிரித்தது. என் ஆயுளில் இவ்வளவு பேரை நான் ஒருசேரச் சிரிக்கவைத்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு பெண் குரல் மலாயில் உரக்கக் கத்தியது. திரும்பிப் பார்த்தேன், ரம்புத்தான் கூடையோடு மீனாட்சி நின்றிருந்தார். காதர் கேட்காமலே சொன்னார்: "'அவரு சாப்பிட்டுட்டுப் போயாச்சு, இலைய எடுங்க'ன்றாங்க."

தேவராஜா எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வெட்டுக்கிளியை விரலால் சுண்டிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிரம்பு கிறீச்சென்றது.

"நான்தான்" என்றார் நடுவரிடம். "மாற்று ஆள் வருகிறான்."

யூசோப் உள்ளே ஓடினான். தேவராஜா அதோடு நிற்கவில்லை. பையன்களை அருகே கூப்பிட்டார். கையைக் காலை ஆட்டி மலாயில் பொழிந்தார். மொழிபெயர்க்க யாரும் இல்லாத பேச்சு. பாதியை முழுங்காத பேச்சு.

"என்ன சொல்கிறார்?" என்று காதரைக் கேட்டேன்.

"வேணாம் சார். நான் தொழுவுற ஆளு."

சாரம் மட்டும் பிறகு சொன்னார். பின்வரிசையில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவனை முன்னால் போகச் சொல்லியிருக்கிறார். எப்படியும் தோல்விதான், கோல் போட்டுவிட்டுத் தோற்போம் என்று. பையன்கள் பேயாக ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் போட்டார்கள். காதர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். என் கையிலிருந்த வாட்ச் கீழே விழுந்து நின்றுபோயிற்று. அதனால் எந்த நிமிடத்தில் அந்த கோல் விழுந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. கடைசியில், ஆள் இல்லாத அந்தப் பின்வரிசை வழியாகவே சிங்கப்பூர்க்காரன் ஒருவன் தனியாக வந்து, யூசோப்பின் தலைக்கு மேல் நிதானமாகப் பந்தைத் தூக்கிப் போட்டான். நாலுக்கு ஒன்று.

ஆட்டம் முடிந்ததும் செல்லத்துரை வேகமாக வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. முதலில் தமிழில் என் பக்கம் திரும்பினார்.

"என்ன காணும் இது? பின்னுக்கு ஆளில்லாமல் திறந்து விட்டது ஆரின்ர வேலை?"

காதர் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த பந்தை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். நான் நின்றுபோன வாட்சைக் காதில் வைத்துக் கேட்டேன். செல்லத்துரை அதே கேள்வியை இங்கிலீஷில் தேவராஜாவிடம் கேட்டார்.

தேவராஜா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நான்" என்றார். "லிம்மை உடனே எடுக்காததும் நான்தான். அது தப்பு. பின்வரிசையைத் திறந்ததும் நான்தான். அதை நாளைக்கும் செய்வேன்."

செல்லத்துரை திட்டுவதற்கு எடுத்த மூச்சை மெதுவாக வெளியே விட்டார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலமை அலுவலகத்துக்கு வாரும்" என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், தேவராஜா சரியான ஆளா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள்..."

"நீர் இன்னும் ஆரையும் கேட்டு முடியேல்லையோ?" என்றார் அவர், திரும்பாமலே. "விடும். எத்தனையோ தரம் தோத்திருக்கிறம். ஆரின்ர பிழை எண்டு கேட்டால், இந்த மைதானத்தில எனக்கு ஒரு நாளும் பதில் வந்ததில்லை. இண்டைக்குத்தான் வந்தது. சிங்கப்பூர் ஆளுக்கு வரவேண்டாம் எண்டு தந்தி அடிக்கப்போறன்."

நான் புறப்படுகிற அன்று கடைசியாக ஒரு தடவை பயிற்சிக்குப் போனேன், சரியான புக்கிட்டுக்கு. நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி, அதில் தேவராஜா. லிம் கையில் கட்டோடு பந்துப் பெட்டியின்மேல் என் இடத்தில் உட்கார்ந்திருந்தான். யூசோப் வந்து ஏதோ கேட்டான். தேவராஜா "தான்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "பொலே" என்றார். முடியும், செய். யூசோப் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு ஓடினான்.

மீனாட்சி ஒரு பொட்டலம் மலாக்காக் கருப்பட்டி கொடுத்தார், கூடவே ஏதோ சொன்னார். நான் தேவராஜாவைப் பார்த்தேன்.

"ஊர் போய்ச் சேரும்வரை சம்பலைத் தொடாதீர்கள் என்கிறாள்" என்றார். நான் காதரைப் பார்த்தேன். காதர் தலையை ஆட்டினார்: "சரியாத்தான் சார் சொன்னாரு. அப்படியே."

பிறகு தேவராஜா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்த்துவந்த உதவியாளர் வேலை இப்போது காலியாக இருக்கிறது, கல்லூரியில் வேதியியலுக்கும் ஆள் வேண்டுமாம், முதல்வரிடம் பேசிவிட்டாராம். தனக்கு உதவிப் பயிற்சியாளராக வந்துவிட எனக்குச் சம்மதமா என்று கேட்டார். நல்ல சம்பளம். டுரியான் உள்ள ஊர். உள்ளபடியே எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று எனக்கே தெரியாத நேரத்தில், காதர் எனக்காக மலாயில் மொழிபெயர்த்து முடித்துவிட்டார்:

"தான்யா டூலு."